பழைய வேன் கூரைக்கு சிகாஃப்ளெக்ஸ் 221, கூடவே பியூட்டைல் டேப்

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருப்பவர்கள் முதல் காசைக் கூரைக்குப் போடுங்கள். பேட்டரி, சோலாரை அப்புறம் பார்க்கலாம். கூரை ஒழுகினால் பிளைவுட் ஊறும், வயர் ஜாயின்ட்டில் பச்சை பூக்கும், கட்டிலுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் தகடு துருவேறும். அந்தக் கூரை வேலைக்கு நான் வாங்கிய சிகாஃப்ளெக்ஸ் 221 என்கிற பாலியூரித்தேன் சீலன்ட்டையும் (இடுக்கை அடைக்கிற பசை), பிசுபிசுப்பான ரப்பர் பட்டை மாதிரி இருக்கிற சாதாரண பியூட்டைல் டேப்பையும் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு ஐப்பசி மழையும் ஒரு மதுரை வெயிலும் தாண்டியாகிவிட்டது. இனி தைரியமாகச் சொல்லலாம்.

எனக்குத் தொழில் அலுமினிய ஜன்னல், பார்ட்டிஷன் வேலை. கடை வில்லாபுரத்தில். சிலிக்கான் ட்யூப் இல்லாமல் ஒரு நாள் வேலை ஓடாது. அதனால் சிலிக்கானைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டு ஜன்னலுக்கும் பாத்ரூம் கண்ணாடிக்கும் அதுதான் சரி. வெயிலைத் தாங்குவதிலும் பாலியூரித்தேனைவிட அது ஒரு படி மேல். ஆனால் வீடு நின்ற இடத்தில் நிற்கிறது. வேன் வத்தலக்குண்டு தாண்டி மலையில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பாடி முறுக்கி விடுகிறது. அந்த முறுக்கில் சிலிக்கான் பெயின்ட்டை விட்டு ஓரத்தில் மெல்லக் கிளம்பும். கிளம்பின பிறகு அதன்மேல் புதுச் சிலிக்கான் போட்டாலும் பிடிக்காது, பெயின்ட் அடித்தாலும் ஒட்டாது. தொல்லையே அங்கேதான்.

என் வண்டி ஆர்சி புக்கில் பஜாஜ் டெம்போ என்று பெயர் இருக்கிற காலத்து வண்டி. 2005-ல்தான் அந்தக் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. எஞ்சின் பென்ஸ் டிசைன், இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூரையில்தான் பழைய ஓனர் ஒழுகும்போதெல்லாம் ஒரு கோட் சிலிக்கான் போட்டு, வென்டிலேட்டர் மூடியைச் சுற்றி விரல் தடிமனுக்கு ஏற்றி வைத்திருந்தார். கத்தியை ஓரத்தில் கொடுத்து இழுத்தேன். மொத்தமும் ஒரே பட்டையாக உரிந்து வந்துவிட்டது, அவ்வளவுதான் பிடிமானம். அடியில் பார்த்தால் தகடு செம்மண் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தது. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வகை இறுகும்போது அமிலம் விடும். இரும்புத் தகட்டில் கீறல் இருந்தால் அந்த இடத்தில் துருவை அதுவே கிளப்பிவிடும். அலுமினியத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். வேன் வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சரி, வேலை எப்படி. பாதி நேரம் சுத்தம் செய்வதற்கே போகும், போகட்டும். கத்தி, பிறகு ஒயர் பிரஷ், பிறகு உப்புத்தாள், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. துணியில் வழவழப்பு தெரிகிறவரைக்கும் சிலிக்கான் இருக்கிறது என்று அர்த்தம். துருவெடுத்த இடத்தில் ரெட் ஆக்சைடு பூசிவிட்டு அதன்மேல் சீலன்ட் போடுகிறவர்கள் நிறைய. நான் டூ-பேக் எபாக்ஸி பிரைமர், அதாவது இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற அடிப்பூச்சு, வாங்கச் சொல்வேன். சீலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடிப்பது பெயின்ட்டைத்தான். பெயின்ட் தகட்டைப் பிடிக்கவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே கழன்று வரும்.

வென்டிலேட்டர் மூடியின் சட்டத்துக்கு அடியில் சிகாஃப்ளெக்ஸ் போடாதீர்கள். அங்கே பியூட்டைல் டேப். அது எப்போதும் இறுகாது, பிசுபிசுப்பாகவே இருக்கும். ஸ்க்ரூவை முடுக்க முடுக்க நாலு பக்கமும் பிதுங்கி வரும், பிதுங்கினதை வெட்டி எடுத்தால் போதும். மறுநாள் வண்டி வெயிலில் நின்றபின் ஸ்க்ரூவை இன்னொரு சுற்று முடுக்குங்கள், கண்டிப்பாக இடம் கொடுக்கும். ஃபேன் மோட்டார் போய் மூடியைக் கழற்ற வேண்டி வந்தால், பியூட்டைல் விட்டுக் கொடுக்கும். பாலியூரித்தேன் போட்டு ஒட்டிவிட்டால் சட்டம் உடைந்துதான் வரும்.

சிகாஃப்ளெக்ஸ் போக வேண்டிய இடங்கள் வேறு: கூரைத் தகட்டின் மடிப்பு, சோலார் பிராக்கெட்டின் ஓரம், வயர் இறங்குகிற துளையில் மாட்டும் கிளாண்டைச் சுற்றி, மழைநீர் ஓடுகிற ரெயின் கட்டர் ஜாயின்ட். சிலிக்கான் கன்னிலேயே இந்த ட்யூப் உட்காரும், ஆனால் சரக்கு கெட்டி. மலிவு கன்னில் தள்ளினால் கை வலிக்கும், கோடும் விட்டுவிட்டு விழும். நல்ல கன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் கோடு போட்டு, ஒரே இழுப்பில் தேய்த்துவிட்டு, மேலே தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் தோல் சீக்கிரம் கட்டிவிடும். விடியற்காலையில் ஏறினால்தான் நிதானமாக வேலை பார்க்கலாம். பத்து மணிக்குமேல் தகட்டில் முழங்கால் வைக்க முடியாது.

என்னைப் போல ஜன்னல் வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிலிக்கானை ஸ்பிரிட் தொட்டு வழவழப்பாக்குவது நமக்குக் கை பழகின பழக்கம். பாலியூரித்தேனில் அதைச் செய்யவே கூடாது. ஆல்கஹால் பட்டால் இறுகுவது கெட்டு, அந்த இடம் கடைசிவரை பிசுக்காகவே கிடக்கும். சுத்தம் செய்ய ஆல்கஹால் துடைத்திருந்தால் அது முழுக்க ஆவியாகிற வரை பொறுத்திருந்து பிறகு கோடு போடுங்கள். கையுறையும் அவசியம். விரலில் ஒட்டினால் இறுகுவதற்குள் துடைக்க வேண்டும், இறுகிவிட்டால் தோலோடுதான் தேய்ந்து போகும்.

இது காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும். மேலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் கணக்கு. தடிமனாகப் போட்டுவிட்டு மறுநாளே கொடைக்கானல் கிளம்பினால் உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். நான் அவனியாபுரம் பக்கம் ஒரு காலி இடத்தில் வண்டியை ஒரு வாரம் அசைக்காமல் விட்டிருந்தேன். அப்புறம் ஹோஸ் பைப்பை எடுத்துப் பார்த்தோம். கூரையின் தாழ்வான பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கொஞ்ச நேரம் தண்ணீர் நிறுத்தி, மேலே மேலே நகர்ந்து போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஓடி, சம்பந்தமே இல்லாத இடத்தில் சொட்டும். என் மகள் உள்ளே டார்ச்சோடு படுத்து, "அப்பா, காய்ஞ்சுதான் இருக்கு" என்று ஒவ்வொரு மூலையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐப்பசியில் பெருமாள்மலைப் பக்கம் ராத்திரி முழுக்க மழை. பிளைவுட்டை விடியும்போது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் மெத்தென்று இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாலியூரித்தேன் எந்தக் கம்பெனி சரக்காக இருந்தாலும் நேர் வெயிலில் மஞ்சளாகும், வருடங்கள் போகப் போக மேல்பரப்பில் மாவு படியும். நல்ல விஷயம் என்னவென்றால் இதன்மேல் பெயின்ட் பிடிக்கும். நான் இறுகினபின் வெள்ளை ரூஃப் கோட்டிங் அடித்துவிட்டேன். உள்ளேயும் சூடு கொஞ்சம் குறைந்தது. அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னலில் இதைத் தொடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி விரிசல் விழ வாய்ப்பு உண்டு. விலை சாதாரணச் சிலிக்கானைப் போல இரண்டு மடங்குக்கு மேல். திறந்த ட்யூபை நாசிலில் ஸ்க்ரூ செருகி வைத்தாலும் ரொம்ப நாள் வராது. அதனால் எல்லா ஜாயின்ட்டையும் சுத்தம் செய்து முடித்துவிட்டு ஒரே மூச்சில் உட்காருங்கள்.

வாங்கும்போது ட்யூபில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். டவுனுக்குள் ஒரு கடையில், பெயர் வேண்டாம், தேதி தாண்டிய ட்யூபை எடுத்து நீட்டிவிட்டு, "அண்ணே, இதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார் பையன். ஆகும். உள்ளேயே பாதி இறுகிப்போய் வெளியே வராது. பஸ், லாரிக்கு முன் கண்ணாடி மாட்டுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு இந்த வகைச் சரக்கு தினமும் புழங்குவதால் புதுசாக வைத்திருப்பார்கள். டிராவலர் சைஸ் கூரைக்கு 300 மில்லி ட்யூப் இரண்டும், பியூட்டைல் டேப் ஒரு ரோலும் தாராளமாகப் போதும். லக்கேஜ் கேரியர் போல்ட் இருந்தால் மூன்றாவது ட்யூபும் வாங்கிக்கொள்ளுங்கள்.