டீ ஃபேக்டரிக்கான அடக்கவிலைக் கணக்குச் சேவை: வாங்கலாமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் பச்சை இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகளுக்கான சேவை இது. ஒரு மென்பொருள், மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் ஆலோசகர். இலை விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. தூள் விலை ஏலத்தில் முடிவாகிறது. நம் கையில் இருப்பது நடுவில் ஆகும் செலவு மட்டுமே என்பதால் இப்படி ஒரு கணக்கு அவசியம்தான்.

மொத்தச் செலவைத் தூள் கிலோவால் வகுக்கும் பழைய வழக்கத்துக்குப் பதில், இலையின் ஈரத்தைக் குறைக்கும் வாட்டும் தொட்டி, அதை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரம், உலர்த்தும் டிரையர், தூளைத் தரம் பிரிக்கும் சலிப்பு என்று செலவைப் பிரிக்கிறார்கள். இதன் அருமை டிரையரில் தெரியும். 68 சதவீத ஈரத்தில் இலை டிரையருக்கு வந்தால், 3 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ தூளுக்கு சுமார் 2 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோ. விறகு எரிவது டிரையரில், காரணமோ அரைகுறையாக வாடிய இலை. அந்தக் கூடுதல் விறகைத் தொட்டிக் கணக்கில் ஏற்றுகிறார்கள். டிரையர்காரர் மேல் வீண்பழி விழாது. இதற்காகவே பாராட்டலாம்.

சறுக்குவது வேறு இடங்களில். செலவைப் பிரிக்க நிரப்ப வேண்டிய படிவத்தில் நாற்பதுக்கு மேல் வேலைகள். சூப்பர்வைசர் ஷிப்ட் முடியும்போது குத்துமதிப்பாகத்தான் நிரப்புவார். ஏழெட்டு போதும். விறகை எடை போடாமல் லோடு கணக்கில் எழுத விடுவதும் தப்பு. ஈர விறகு வந்த வாரம் எல்லா எண்ணும் கெட்டுவிடும்.

ஜனவரி உறைபனியில் இலை குறையும்போது பெரிய குழப்பம். டிரையருக்கு மணிக்கு 1,800 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். அந்த மணி நேரத்தில் 300 கிலோ ஓடினால் கிலோவுக்கு 6 ரூபாய், 200 கிலோ ஓடினால் 9. அந்த 3 ரூபாய் சும்மா கிடந்த திறனின் செலவு. தனி வரியில் காட்ட வேண்டும். 2004-இல் அடக்கவிலைக் கணக்கு வல்லுநர்கள் கப்லானும் ஆண்டர்சனும் முன்வைத்த, வேலைக்கு ஆகும் நேரத்தை வைத்துச் செலவைப் பிரிக்கும் முறை இதைத்தான் செய்கிறது. மென்பொருளில் அந்த வசதி உண்டு, ஆனால் கேட்டால்தான் போட்டுத் தருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அறிக்கை யார் கைக்குப் போகிறது என்பது. அடுத்த மாதம் பத்தாம் தேதி முதலாளி மேசைக்கு மட்டும் வருகிறது. அதற்குள் தூள் விற்றே போயிருக்கும். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கு ஊக்கத்தொகை தூள் கிலோவுக்கு மட்டும் என்றால், இலை வாடும்வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? கிலோவுக்கு ஆன விறகையும் அதில் சேர்த்து, அந்தக் கணக்கை மறுநாள் காலையிலேயே அவரிடம் கொடுக்கும் ஃபேக்டரிக்கு, இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் வீண்போகாது. மற்றவர்கள் இப்போதைக்கு ஒரு எடைமேடையும் ஈரமானியும் வாங்கி, ஷிப்ட் வாரியாக எழுதத் தொடங்கினால் போதும்.