பேபி வாக்கரா, மர நடைவண்டியா? வாங்கும் முன் ஒரு பார்வை

"பத்து மாசம் ஆச்சு, இன்னும் பிடிச்சு நிக்கக்கூட மாட்டேங்குறான்" என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும் பெரும்பாலும் வாங்கி வருவது பேபி வாக்கரைத்தான். வட்டமான பிளாஸ்டிக் சட்டம், அடியில் ஆறோ எட்டோ சக்கரம், நடுவில் துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் தட்டு. குழந்தை சிரித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றி வரும், அடுப்படியில் இருப்பவருக்கும் கொஞ்சம் கை ஓயும். ஆனால் எதற்காக வாங்கினோமோ, அந்த நடையை மட்டும் இது கற்றுத் தராது.

நடக்க வேண்டுமென்றால் குழந்தை தன் எடையைத் தன் காலிலேயே வாங்க வேண்டும். ஒரு காலில் எடையை ஊன்றி மற்றதைத் தூக்க வேண்டும். சாயும்போது இடுப்பும் வயிறும் இறுகி உடம்பைத் திருப்பி நிறுத்த வேண்டும். வாக்கரில் எடையைத் துணி இருக்கை வாங்கிக்கொள்கிறது, சாய்ந்தால் சட்டம் தாங்கிக்கொள்கிறது. குழந்தை முன்னால் சாய்ந்து கால் விரல் நுனியால் தரையை உந்துகிறது, அவ்வளவுதான். வாக்கரில் வளரும் பிள்ளைகள் பலர் குதிகால் ஊன்றாமல் நிற்கப் பழகுவது இதனால்தான். முன்தட்டு மறைப்பதால் தன் பாதம் எங்கே படுகிறது என்றுகூட அதற்குத் தெரியாது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாக்கர் பயன்படுத்திய குழந்தைகள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே உட்கார்ந்தார்கள், தவழ்ந்தார்கள், நடந்தார்கள்.

ஆபத்து இதைவிடப் பெரிது. வாக்கர் ஒரே நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எட்டிப் பிடிக்க நேரமிருக்காது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்குட்பட்ட 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் காயங்களோடு அவசரச் சிகிச்சைக்கு வந்தார்கள். நான்கில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள், பெரும்பாலும் அடி தலையிலும் கழுத்திலும். கனடா 2004இல் விற்பனையையே தடை செய்தது, பழைய வாக்கரைக் கைமாற்றி விற்பதும் அதில் அடங்கும். நம் வீடுகளில் மாடிப்படியோடு வாசற்படி, குளியலறை வாளித் தண்ணீர், மேசை ஓரத்துச் சூடான டம்ளர் எல்லாம் சேரும். வாக்கரின் அடியில் ஒட்டிய ரப்பர் பட்டைகள் ஈரமான டைல்ஸில் சரியாகப் பிடிப்பதில்லை. இந்தப் பொருளுக்கு மதிப்பெண் போடவே மனமில்லை. வாங்காதீர்கள். உறவினர் வீட்டிலிருந்து இலவசமாக வந்தாலும் வேண்டாம். சமையல் நேரத்துக்கு உருளாத பிளே பென் (சுற்றிலும் தடுப்புள்ள விளையாட்டுக் கூண்டு) போதும்.

மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. குழந்தை உள்ளே உட்காருவதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. எடை காலில், கண் பாதையில். ஆனால் இதற்கும் நேரம் உண்டு: தானே பிடித்து எழுந்து, கட்டில் ஓரமாகப் பக்கவாட்டில் நகரத் தொடங்கிய பிறகே கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் வண்டியைப் பிடித்து எழ முயலும். வண்டி லேசானது, அப்படியே பின்பக்கம் கவிழும். முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு கிலோ மணல் பையை இறுக்கிக் கட்டினால் கவிழ்வது வெகுவாகக் குறையும். வழுவழுப்பான தரையில் சக்கரம் ஓடிப்போய் குழந்தை முகம் குப்புற விழும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இரண்டு பின் சக்கரத்திலும் மாட்டுங்கள், வேகம் குறையும்.

கடையில் பார்க்க வேண்டியது: பிடி, குழந்தையின் தொப்புளுக்கும் மார்புக்கும் இடையில் வரட்டும். அதற்கு மேல் போனால் தோள் தூக்கித் தொங்கும். மரம் சேரும் எல்லா இணைப்புகளையும் விரலால் தடவுங்கள், ஆணி முனை தட்டுப்பட்டால் வேறு வண்டி எடுங்கள், சிராய்க்கு உப்புத்தாள் போதும். பளபளக்கும் மஞ்சள், சிவப்பு பெயின்டில் ஈயம் இருக்கலாம், குழந்தை பிடியைக் கடிக்காமல் விடாது. வண்ணம் பூசாத மரமே மேல். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் நல்ல மர வண்டியை ஒதுக்க வேண்டாம். வெறுங்காலோடு, ஆள் பக்கத்தில் இருக்க, பத்துப் பத்து நிமிடமாக விடுங்கள்.

சரி, கவலை நியாயம்தானா? இந்தியக் குழந்தைகளையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4 மாதம், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம். எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்பதில் நடந்தாலும் உங்கள் பிள்ளை பதினாறில் நடந்தாலும் இரண்டும் இயல்பே. 4.3 சதவீதக் குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவேயில்லை. குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திப் பாருங்கள்: 32 வாரத்தில் பிறந்தால் எட்டு வாரம் கழிக்க வேண்டும், இரண்டு வயது வரை இப்படித்தான்.

எந்த வண்டியும் உதவாத நிலைகளும் உண்டு. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் தானே உட்காரவில்லை, ஒரு வயதாகியும் பிடித்து நிற்கவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டுவது, தூக்கும்போது கால்கள் கத்தரிபோல் விறைப்பது, துணிபோல் துவள்வது, முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்ய முடியாமல் போவது ஆகியவற்றுக்கு மாதக்கணக்குப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பரிசோதனையும் பிசியோதெரபியும் அங்கே இலவசம். பிறப்புப் பதிவுகளையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். குழந்தை நிற்பதையும் நகர்வதையும் செல்போனில் ஒரு நிமிடம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. புது இடத்தில் அழுகிற குழந்தை டாக்டர் முன்னால் எதையும் செய்து காட்டாது.