எந்தக் கார்ப்பெட், எந்த அடிவிரிப்பு? சுங்கை சிப்புட் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பேராக்கின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கார்ப்பெட் சுருள்கள் வந்து நின்றுவிடும். ஈப்போவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்களும் காரின் பின்சீட்டில் ஒன்றைத் திணித்துக்கொண்டு வருவார்கள். மழை பிடிப்பதும் அதே நேரத்தில்தான். அக்டோபர், நவம்பரில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மத்தியானம் தாண்டினால் இடியோடு கொட்டும். அதனால் கடைக்காரர் விரித்துக் காட்டும் பூவேலையையும் பொன்னிறக் கரையையும் ஓரமாக வைத்துவிட்டு நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: காலையில் அலசிக் கொடியில் போட்டால் மத்தியான மழைக்குள் காயுமா? விலையும் மென்மையும் அதற்கு அப்புறம்.

இத்தனை கறார் எதற்கு என்றால், நம் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இழுப்பைக் கிளப்பும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் கஷ்டகாலம். குளிர்நாடுகளில் பேசப்படும் வகையோடு, ப்ளோமியா டிராபிகாலிஸ் என்ற வெப்பநாட்டு வகையும் இங்கே சேர்ந்துகொள்ளும். வீட்டில் இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை இருந்தால் அடர்த்தியான மயிர்க் கார்ப்பெட்டை வாங்குவது நாமே அவற்றுக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பதுதான். பூஞ்சணமும் அப்படியே, ஈரம் தங்கும் இடத்தில் தானாக வரும்.

கார்ப்பெட்டுக்கு முன்னால் தரை

தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் டைல்ஸ். தோட்டத்து லயத்தில் பழைய சிமெண்டுத் தரை. அதன்மேல் பல வீடுகளில் திக்கார் கெத்தா என்ற பிளாஸ்டிக் தரைவிரிப்பு ஒட்டியிருக்கும். டைல்ஸும் சிமெண்டும் ஒன்றல்ல. பழைய லயங்களில் தரைக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் போட்டிருப்பார்கள் என்று நம்பமுடியாது. மண்ணின் ஈரம் சிமெண்டு வழியாக மெல்ல மேலே வரும். கண்ணுக்குத் தெரியாது, கார்ப்பெட்டைத் தூக்கினால் மூக்குக்குத் தெரியும்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. தெளிவான பிளாஸ்டிக் தாளை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்முத்து இருந்தாலோ, அந்த இடம் மட்டும் சிமெண்டு கறுத்திருந்தாலோ, தரை ஈரம் விடுகிறது என்று அர்த்தம். அந்த அறையில் எப்போதும் விரித்துக் கிடக்கும் பெரிய கார்ப்பெட் வேண்டாம். எத்தனை நூறு வெள்ளி கொடுத்து வாங்கினாலும் அடியிலிருந்து கெடும்.

எதிரெதிரே வைத்துப் பார்த்தால்

கடையில் அதிகம் கிடைப்பது இயந்திரத்தில் நெய்த பாலிப்ரொப்பிலீன். துருக்கி என்றோ பெல்ஜியம் என்றோ சொல்லி விற்பவற்றில் பெரும்பகுதி இதுதான். இழை தண்ணீரைக் குடிக்காது. சாயத்தை இழை வார்க்கும்போதே கலந்துவிடுவதால் மஞ்சள், குங்குமக் கறை ஆழமாகப் பிடிக்காது; வெயிலில் நிறம் சீக்கிரம் போகாது. கேட்பதற்கு நமக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் மூன்று இடத்தில் காலை வாரும். முதலாவது எண்ணெய். தண்ணீரைத் தள்ளும் இந்த இழைக்கு எண்ணெய் என்றால் பிரியம். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு பிள்ளைகள் படுத்துத் தொலைக்காட்சி பார்க்கும் இடத்தில் சில மாதத்தில் ஒரு கருப்பு நிழல் விழும். இரண்டாவது நெருப்பு. ஏறத்தாழ 160 டிகிரியில் உருகிவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டிலிருந்து ஒரு தணல் விழுந்தால் போதும், ஓட்டை. ஆகவே சாமி மேடைக்கு முன்னால் இதைப் போடாதீர்கள். மூன்றாவதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்: பல கார்ப்பெட்டுகளில் மேலே மட்டும்தான் பாலிப்ரொப்பிலீன், அடியில் குறுக்கே ஓடுவது சணல் நூல். சணல் நனைந்தால் சாக்கு நாற்றம் அடிக்கும், காய மறுக்கும். புரட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் முரட்டு நூல் தெரிந்தால் அது சணல். அடியும் செயற்கை இழையாக உள்ளதை, மயிர் குட்டையாக அல்லது மயிரே இல்லாமல் தட்டையாக நெய்ததை எடுத்தால் என் கேள்விக்கு அது தேறிவிடும்.

அதற்கு நேர் எதிர் புசுபுசு கார்ப்பெட். மலாய்க் கடைகளில் கார்ப்பெட் புலு என்பார்களே, அது. மேலே பாலியெஸ்டர் மயிர், நடுவில் ஸ்பான்ஞ், அடியில் புள்ளிபுள்ளியாகப் பிடிமானம். விலை குறைவு, சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும், இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும். தொட்டால் யாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் ஸ்பான்ஞ் குடித்த தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அழுத்தினால் கசியும். இரண்டு மூன்று தரம் அலசினால் மயிர் திரித்திரியாகிவிடும். சின்னதாக, கட்டிலோரத்துக்கு மட்டும் என்றால் சரி. ஹாலுக்கு வேண்டாம்.

கம்பளி பற்றி ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது, விலை அதிகம் என்றால் எங்கும் நல்லது என்று. கம்பளி உண்மையிலேயே அருமையான இழை. மிதித்தால் எழும், தணல் விழுந்தால் உருகாமல் கருகி நிற்கும். அதேசமயம் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை ஈரம் என்றே தெரியாமல் உள்ளே வைத்துக்கொள்ளும். வறண்ட குளிர்நாட்டில் இது குணம். சுங்கை சிப்புட்டில் சுமை. நனைந்த பெரிய கம்பளிக் கார்ப்பெட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், காய ஒரு நாள் வெயில் போதாது. அந்துப்பூச்சியும் அரிக்கும். தினமும் ஏர்கோன் ஓடும் அறை இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

விஸ்கோஸ் என்று சீட்டில் போட்டிருந்தால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பட்டுபோல் மின்னும். தண்ணீர் பட்டால் இழை பலம் இழந்து மஞ்சளாகும். சணல் விரிப்பும் அதே கதை. படத்தில் பார்க்க மட்டும் அழகு.

பருத்தி ஜமக்காளத்தைப் பலரும் கார்ப்பெட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளம் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னமும் பெட்டியில் மடித்துக் கொண்டுவருகிறார்கள். பருத்தி தண்ணீரைக் குடிக்கும், உண்மைதான். ஆனால் தட்டையான நெசவு, பின்னால் பசை கிடையாது, ஸ்பான்ஞ் கிடையாது. இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும். ரப்பர் அடிப்பாகம் உள்ளவற்றைப் போடாதே என்று அறிவிப்பு வைத்திருக்கும் காசு போடும் டோபிக் கடையில்கூட இதைக் கவலையில்லாமல் போடலாம். முதல் தரம் சாயம் போகும் என்பதால் தனியாக. ஆள் வரும்போது விரி, போனதும் மடி என்ற பழைய பழக்கம் இந்த ஈர ஊருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. குறை ஒன்றே ஒன்று: டைல்ஸில் சறுக்கும், ஓரம் சுருளும். அடியில் ஏதாவது போட்டே ஆகவேண்டும்.

மெங்குவாங் பாயையும் இந்த வரிசையில் சொல்லியாகவேண்டும். தாழை இலைப் பாய், காலுக்குக் குளிர்ச்சி, தூசி தங்காது, ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். நாற்காலி இழுக்கும் இடத்தில் கிழியும். படுக்க, உட்கார அதற்கு நிகர் இல்லை.

அடியில் போடுவது

இங்கேதான் நம் ஆட்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கார்ப்பெட்டுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு, அடிவிரிப்பு என்றால் “அது எதுக்கு, கீழ யாரு பாக்கப் போறா?” என்று நடையைக் கட்டுவார்கள். வீட்டில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கும். இனிப்புநீரால் பாத உணர்ச்சி மங்கியவருக்குக் கார்ப்பெட் ஓரம் எழுந்து நிற்பது காலில் தெரியாது. வழுக்கும் டைல்ஸ், சுருண்ட மூலை, ராத்திரி கழிவறைக்கு நடக்கும் வழி மூன்றும் சேர்ந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து.

மலிவுச் சாமான் கடைகளில் கிடைப்பது வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிவிசி நுரை. அலமாரித் தட்டுக்கும் அதையே விற்பார்கள். புதிதில் நன்றாகத்தான் பிடிக்கும். நம் வெக்கையில் போகப்போகப் பிசுபிசுத்து, பிறகு பொடியாகி, டைல்ஸ் இடுக்கில் மாவுபோல ஒட்டிக்கொள்ளும். ஜமக்காளம் போன்ற லேசான விரிப்புக்குத் தற்காலிகமாகப் போடலாம், அடிக்கடி மாற்றத் தயாராக இருந்தால்.

அடுத்தது இயற்கை ரப்பர். பால்மரம் வெட்டியே தலைமுறைகளை வளர்த்த ஊருக்கு இதைப் பற்றி நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1877இல் கொண்டுவந்து நட்ட மரங்களில் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. விசித்திரம் என்னவென்றால், அந்த மரத்துப் பாலில் செய்த அடிவிரிப்பை நம் டவுன் கடைகளில் தேடித்தான் பிடிக்கவேண்டும். பிவிசி மட்டும் குவிந்து கிடக்கும். ரப்பர் வலை டைல்ஸை நன்றாகப் பிடிக்கும், ஓட்டைகள் வழியாகக் கொஞ்சமாவது காற்று போகும், அலசினால் உடனே காயும். நேர்வெயில்தான் அதற்கு எமன். கொடியில் நாள்கணக்காகத் தொங்கவிட்டால் வெடிக்கும். அலசி, நிழலில் போடுங்கள். ஆரம்பத்தில் லேசாக ரப்பர் வாடை வரும். ஒட்டுப்பால் வாடையில் வளர்ந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

மூன்றாவது, அழுத்திய நார். பழைய இழைகளை அரைத்துக் கட்டியாக அழுத்தியது. காலுக்கு மெத்தென்று இருக்கும், கார்ப்பெட் நீண்டநாள் உழைக்கும். ஆனால் தனியாகப் போட்டால் டைல்ஸில் பிடிமானம் கிடையாது. சோபா, மேசை ஏறி அழுத்தும் பெரிய கார்ப்பெட்டுக்கு மட்டும்தான் சரி. ஈரம் விடும் சிமெண்டுத் தரையில் இதைப் போடவே கூடாது. அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே நார், கீழே ரப்பர் என்று இரண்டையும் சேர்த்துச் செய்ததும் உண்டு. காய்ந்த டைல்ஸ் தரையுள்ள தாமான் வீட்டு ஹாலுக்கு என் ஓட்டு அதற்கே. விலை கூடுதல்தான், கார்ப்பெட்டில் ஒரு படி இறங்கி இதில் ஒரு படி ஏறுங்கள்.

திக்கார் கெத்தா உள்ள வீட்டுக்கு மட்டும் கணக்கு மாறும். அது பிவிசி. அதன்மேல் ரப்பர் நாள்பட ஒட்டிக் கிடந்தால் ரப்பரில் உள்ள சேர்மானங்கள் இறங்கி மஞ்சள் கறை பிடிக்கும், தேய்த்தாலும் போகாது. பிவிசி நுரையும் ஒட்டிக்கொண்டு தடம் விடும். வெறும் நார் போட்டால் சறுக்கும். மூன்று வழியும் அடைபட்டதால் சொல்கிறேன்: அங்கே நிரந்தரக் கார்ப்பெட் வேண்டாம். விருந்தாளி வந்தால் ஜமக்காளமோ மெங்குவாங் பாயோ விரியுங்கள், எழுந்ததும் எடுத்துவிடுங்கள்.

அளவு பற்றிச் சுருக்கமாக. அடிவிரிப்பு கார்ப்பெட்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக இருக்கவேண்டும். அப்போதுதான் ஓரம் தரையோடு படியும், இடறாது. பொதுவாக 6 மில்லிமீட்டர் தடிப்பு போதும். வயதானவர்கள் நடக்கும் வழியிலும், கதவு திறந்து மூடும் இடத்திலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். ஹாலில் சோபாவின் முன்கால்களாவது கார்ப்பெட்மேல் ஏறவேண்டும், 160க்கு 230 சென்டிமீட்டர் அளவு சின்ன ஹாலுக்குச் சரியாக இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போடுவதானால் நாற்காலியை இழுக்க நான்கு பக்கமும் 60 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். சாம்பாரும் ரசமும் சிந்தும் இடத்தில் கார்ப்பெட் எதற்கு என்பது வேறு விஷயம்.

எந்த ரப்பரும் சுத்தமான தரையில்தான் பிடிக்கும். மோப்பு போடும்போது கார்ப்பெட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டுப் போனால், அடியில் ஓடிய தண்ணீரும் தரை மருந்தும் படலமாகத் தங்கிப் பிடிமானத்தைக் கொன்றுவிடும். வாரத்துக்கு ஒருநாள் முழுசாகச் சுருட்டி, தரையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு விரியுங்கள். அப்படிச் சுருட்டத் தனி ஆளால் முடியாத கார்ப்பெட் என்றால், கடையிலேயே ஓர் அளவு குறைத்து வாங்குங்கள். அடிவிரிப்பு பெரிதாக மட்டுமே கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். வீட்டுக் கத்தரிக்கோலாலேயே வெட்டிக்கொள்ளலாம், ஓரம் பிரியாது.