பெருநிறை விண்மீன்களின் மறைந்த துணைகள்: நிறமாலையா, குறுக்கீட்டுமானியா?

சூரியனைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் நிறைகொண்ட ஓ வகை விண்மீன்கள் தனியாக இருப்பது அபூர்வம். இவற்றில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தம் வாழ்நாளில் ஒரு துணையோடு பொருளைப் பரிமாறிக்கொள்ளும் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதனால் துணையைத் தவறவிட்டால் அந்த விண்மீனின் நிறை, வயது, முடிவு என எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

துணையைத் தேடப் பழகிய வழி நிறமாலை: விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்து, அதில் தெரியும் கோடுகளைக் கவனிப்பது. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். சில நாட்களில் ஒரு சுற்று முடிக்கும் நெருங்கிய ஜோடிகளைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் ஓ வகை விண்மீன்கள் இதற்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. கோடுகளே குறைவு. வேகமான சுழற்சியால் அவை அகன்று கிடக்கும், போதாததற்கு விண்மீன் காற்றும் (விண்மீனிலிருந்து வெளியே வீசும் வாயு) அவற்றைக் கலைத்துவிடும். மங்கலான துணையின் கோடு அதில் மூழ்கிப்போகும். சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியாததால், கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டுமே.

கிரகணம் நிகழ்ந்தால் சாய்வு தெரிந்துவிடும். ஆனால் பாதை ஏறக்குறைய விளிம்புப் பக்கமாக நமக்குத் தெரிய வேண்டும். அந்த வாய்ப்பு எல்லா ஜோடிக்கும் அமையாது.

குறுக்கீட்டுமானி வேறு ரகம். தள்ளித் தள்ளி நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து, அதில் தோன்றும் ஒளி-இருள் வரிகளின் செறிவையும் கட்டத்தையும் (வரிகள் எவ்வளவு தள்ளி விழுகின்றன என்பதை) அளக்கிறது. ஒளிப்புள்ளி இரண்டாக இருந்தால் அந்த வரிகளே காட்டிக்கொடுத்துவிடும். கலிஃபோர்னியாவின் வில்சன் மலையில் உள்ள சாரா (CHARA) என்ற குறுக்கீட்டுமானி அணியில் தொலைநோக்கிகளுக்கு இடையே 330 மீட்டர் வரை தூரம் உண்டு. சாதாரணப் படத்தில் ஒட்டித் தெரியும், நிறமாலையில் மிக மெதுவாக நகரும் ஜோடிகள்தான் இதன் களம். பிரகாசமான விண்மீன்களுக்கே இது சரிப்படும் என்பது பெரிய குறை.

இந்த இரண்டு வழிகளுக்கும் உண்மையான சோதனையாக அமைந்தது எச்.ஆர். 6819 என்ற விண்மீன் தொகுதி. சுமார் 1,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள இதன் நிறமாலையில், ஒரு விண்மீனின் கோடுகள் 40 நாளுக்கு ஒருமுறை ஆடின. அதே ஒளியில் இன்னொரு விண்மீனின் கோடுகள் அசையாததுபோல் இருந்தன. 2020இல் ஒரு குழு, ஆடும் விண்மீன் கண்ணுக்குத் தெரியாத கருந்துளையைச் சுற்றுகிறது, அசையாதது தொலைவிலிருக்கும் மூன்றாமவர் என்றது. மற்றவர்கள் அப்படி இல்லை என்றார்கள்: கருந்துளையே கிடையாது, ஆடும் விண்மீன் வெளியுறையை இழந்து மெலிந்தது, கனமான மற்றது அதனால்தான் அசையவில்லை என்பது அவர்கள் வாதம். ஒரே நிறமாலையில் இரண்டு கதையும் பொருந்தின!

முதல் கதை சரியென்றால் இரண்டு விண்மீனுக்கும் நடுவே சுமார் 100 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) இடைவெளி இருக்கலாம், இரண்டாவது சரியென்றால் ஒன்றுதான். சிலி நாட்டின் பரனாலில் உள்ள மிகப் பெரிய தொலைநோக்கி குறுக்கீட்டுமானியின் கிராவிட்டி கருவி கண்டது சுமார் 1.2. 2022இல் கருந்துளை கணக்கிலிருந்து நீங்கியது. ஒற்றை விண்மீனின் கோடுகளை மட்டும் வைத்து யாராவது கருந்துளை அறிவித்தால் நான் முதலில் கேட்பது இந்த இடைவெளி அளவைத்தான்.

எதிர்த்திசைப் பாடமும் உண்டு. ஓரியன் நெபுலாவின் நடுவே இருக்கும் தீட்டா 1 ஓரியானிஸ் சி என்ற ஓ வகை விண்மீனின் துணை முதலில் பிடிபட்டது நிறமாலையில் அல்ல, 1990களின் இறுதியில் புள்ளிப்பட முறையில் (மிகக் குறுகிய நேரப் படங்கள் பலவற்றைச் சேர்த்து, காற்றுமண்டலக் கலங்கலை நீக்கும் முறை). இதன் காந்தப்புலம் 15.4 நாள் சுழற்சியில் நிறமாலையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு நடுவே சுமார் 11 ஆண்டுக்கால மெல்லிய நகர்வைப் பிரிப்பது பெரும்பாடு.

தேர்ந்தெடுக்கச் சொன்னால், கண்டுபிடிக்க நிறமாலை, தீர்ப்புச் சொல்லக் குறுக்கீட்டுமானி என்பேன். இரண்டு வழிகளையும் ஒரே ஜோடிக்குப் பயன்படுத்தி, இரு விண்மீன்களின் கோடுகளும் தெரிந்தால் தனித்தனி நிறைகளோடு தூரமும் கையில் கிடைக்கும். நீண்ட காலம் எடுக்கும் நீள்வட்டப் பாதை என்றால் நேரமும் முக்கியம். இரண்டு விண்மீன்களும் மிக அருகில் வரும் சில வாரங்களில்தான் வேக மாற்றம் உச்சத்தைத் தொடும். அந்த நாட்களில் தொலைநோக்கி நேரம் கிடைக்காவிட்டால், அடுத்த சுற்றுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.