வீடா, மண்டியா, கொல்லையா: கைவிடப்பட்ட பூனையை எங்கே சேர்ப்பது?

காலைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு பூனையை என்ன செய்யலாம் என்று வேலூரில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். மண்டித் தெருவில் அரிசிக் கடைக்குப் பூனை கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்பார் ஒருவர். ஊசூர் பக்கம் மாமா வீட்டுக் கொல்லையில் விட்டால் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்பார் அடுத்தவர். சென்னையில் காப்பகம் இருக்கிறதே என்பார் இன்னொருவர். தெரிந்த வீடாகப் பார்த்துக் கொடுங்கள் என்பது நாலாவது. மீன் மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டு வருவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். போதாததற்கு, அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் பூனைகள் புதிதாக வந்ததை நிம்மதியாகச் சாப்பிட விடாது.

நான் சாய்வது வீட்டின் பக்கம்தான். ஆனாலும் கருத்தடை ஆகாத பூனையை நல்ல வீட்டில் கொடுப்பதைவிட, கருத்தடை ஆன பூனையை நல்ல கடையில் கொடுப்பது மேல். எந்த இடமாக இருந்தாலும் முடிவு அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

அது கைவிடப்பட்ட பூனைதானா என்று முதலில் பாருங்கள். நாலைந்து தெரு தள்ளி விசாரித்து, படத்தோடு ஒரு தாள் ஒட்டி, மூன்று நாள் பொறுக்கலாம். பெட்டையாக இருந்தால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். காம்பு பருத்து, அதைச் சுற்றி முடி உதிர்ந்திருந்தால் பக்கத்தில் எங்கோ குட்டி இருக்கிறது. தாயை மட்டும் தூக்கிவிட்டால் குட்டிகள் பட்டினியில் சாகும்.

மண்டியை முழுக்க ஒதுக்க மாட்டேன். காலையில் பால், மதியம் சோறு என்று பூனையை ஒரு ஆளாகவே கணக்கில் வைக்கும் கடைக்காரர்கள் உண்டு. பயம் எலி மருந்தில்தான். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்து. கேக் மாதிரி வரும் மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். அந்த எலிகளைத் தொடர்ந்து தின்னும் பூனைக்கு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். தானியக் கிடங்கில் வண்டுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடும்போது, மூட்டை இடுக்கில் தூங்கும் பூனையை யாரும் தேட மாட்டார்கள். அந்த வாயு மனிதனையே கொல்லும். அதனால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்து வைக்கிறீர்களா, ஞாயிற்றுக்கிழமை யார் சோறு வைப்பார், புகைமூட்டம் போடும் அன்று பூனையை யார் வெளியே எடுப்பார்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், ஓரளவு வளர்ந்த, ஆளுக்குப் பயப்படாத பூனையைக் கொடுக்கலாம். குட்டியை வேண்டாம்.

கொல்லை கேட்க நன்றாக இருக்கும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் பூனைக்கு ஆளைவிட இடம்தான் பழக்கம். புது இடத்தில் திறந்துவிட்டால் அன்றைக்கே பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும்; வழியில் நாய், ரோடு, சுவர் இல்லாத கிணறு. மலையடிவாரத்தில் பன்றிக்கு வைத்த கண்ணியில் பூனையும் மாட்டும். கொல்லைக்குத்தான் கொடுப்பது என்றால், மூன்று நான்கு வாரம் கதவுள்ள அறையிலோ கொட்டகையிலோ அடைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே தட்டில் சோறு வைத்துப் பழக்கிய பிறகுதான் வெளியே விட வேண்டும். எலி பிடிக்கும் பூனைக்கும் தினமும் சோறு வேண்டும் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

காப்பகம் அடிபட்ட பூனைக்கு, கண் போன பூனைக்கு, தொடர்ந்து வைத்தியம் வேண்டிய பூனைக்கு. ஆரோக்கியமான குட்டியைக் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் வெயிலில் கொண்டுபோய் நெரிசலில் விடுவது நல்லதல்ல. பூனைகளின் பார்வோ நோயான பன்லுகோபீனியா என்ற வைரஸ் தொற்று அங்கே ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குச் சுலபமாகப் பரவும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருஷம்கூடத் தங்கும்.

இனி வீடு. "முதலில் கொடுங்க, ஆபரேஷனை நாங்க பிறகு பண்ணிக்கிறோம்" என்பதை ஏன் ஏற்கக் கூடாது என்றால், காலம் அவ்வளவு குறைவு. பெட்டைக் குட்டி நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். சித்திரையில் கொடுத்த இரண்டரை மாதக் குட்டி ஆடியில் சினைப்பட்டால் புரட்டாசியில் நாலு குட்டி. கேட்டு வாங்கியவரே அப்போது அட்டைப்பெட்டியோடு நிற்பார். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படும் என்பது பலருக்குத் தெரியாது. சினைப்படாவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ராத்திரி முழுக்க அடித்தொண்டையில் கத்தும், தரையில் உருளும்; வலி என்று நினைத்துப் பயந்து கதவைத் திறந்துவிடுவார்கள். கடுவன் என்றால் பீரோவிலும் துணியிலும் மூத்திரம் பீய்ச்சும், சண்டைக்குப் போய்க் காது கிழிந்து, சீழ்க்கட்டியோடு வரும். நல்ல மனசோடு வாங்கியவர்களே பூனையைத் திருப்பித் தருவதற்கு இதுதான் பெரிய காரணம்.

பெட்டையா கடுவனா என்று பார்ப்பதிலும் தவறு நடக்கும். வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே இடைவெளி இல்லாமல் ஒரு சிறு கோடு தெரிந்தால் பெட்டை. இடைவெளி விட்டு ஒரு புள்ளி தெரிந்தால் கடுவன். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான்.

பூனை உங்கள் கையில் இருக்க வேண்டிய காலம் ஒரு மாதம் முதல் ஐந்து வாரம். முதல் 14 நாள் மற்றப் பூனைகளோடு சேர்க்காமல் தனி அறை. அதற்குள் குடற்புழு மருந்து. அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். குட்டிக்கு எட்டு வார வயது ஆனதும் மூன்று நோய்க்கான தடுப்பூசி, அடுத்தது மூன்று நாலு வாரம் கழித்து, 12 வார வயதில் வெறிநோய் ஊசி. நாய்க்கு விற்கும் உண்ணிப் பவுடரைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து சாகும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான். பிடிக்கும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குக் கூண்டு இல்லையென்றால் ஒரே அளவிலான இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்து, நாலு பக்கமும் பிளாஸ்டிக் டேக்கால் (கேபிள் டை) கட்டுங்கள். மேலே ஈரத்துணி போட்டால் பூனையும் அடங்கும், வெயிலும் தெரியாது. மே மாதத்தில் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருவது நல்லது. வளர்ந்த பூனைக்கு முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும். சின்னக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் குட்டி பால் மறந்து இரண்டு வாரம் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் பழைய துண்டு விரித்துப் படுக்க வையுங்கள். மயக்கம் தெளியாத பூனை கட்டில் மேல் ஏறப் பார்த்து விழும். தையலை நக்காமல் இருக்கப் பழைய பனியன் கையை வெட்டி, நாலு கால் ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். பத்து நாள் தினமும் தையலைப் பாருங்கள். வீங்கிச் சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ திரும்பக் கொண்டுபோக வேண்டும். கடுவனுக்கு ஆறுவது சீக்கிரம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் அதனால் சினைப்படுத்த முடியும். அதுவரை பெட்டையோடு விடாதீர்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது வசதியைப் பற்றி அல்ல. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? காட்பாடியில் அறை எடுத்துத் தங்கும் மாணவர் என்றால் மே மாத விடுமுறையில் பூனை எங்கே இருக்கும்? சத்துவாச்சாரியில் ஹைவே ஓரத்து வீடு என்றால் ஜன்னலுக்கு வலை உண்டா? சம்ப் மூடி சரியாக மூடுமா? சைவ வீடு என்றால் பூனைக்கென்று உணவு வாங்கி வைப்பார்களா? தயிர் சோற்றிலேயே வளரும் பூனைக்கு டாரின் சத்து இல்லாமல் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். உப்பில்லாமல் வேகவைத்த மத்தித் தலை, கோழி ஈரல் கொஞ்சம், கூடவே கடையில் விற்கும் பூனை உணவு போதும். கருவாடு உப்பு, வேண்டாம். கர்ப்பிணி இருக்கும் வீடு என்றால் பூனை மலம் கழிக்கும் மண் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். பூனையை விரட்ட வேண்டியதில்லை. கறுப்புப் பூனைக்குச் சகுனம் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதற்கு வீடு அமையக் கூடுதல் நாள் பிடிக்கும். அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள்.

கொடுக்கும் நாளில் அது படுத்த துணியையும் ஒரு கைப்பிடி பழைய மண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். சொந்த வாசனை இருந்தால் பயம் குறையும். முதல் இரண்டு நாள் பீரோவுக்கு அடியில், கண்மணி விரிந்து, மீசை பின்னால் ஒட்டிக் கிடக்கும். இழுக்கக் கூடாது. ஒரே அறை, ஒரு தண்ணிக் கிண்ணம், எட்டத்தில் மண் தட்டு. ராத்திரி வீடு அடங்கியதும் தானாக வந்து சாப்பிடும். மூன்று நாலு வாரம் வாசல் தாண்டக் கூடாது. மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் போன் செய்யுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

ஆள் கையே படாமல் தெருவில் வளர்ந்த பெரிய பூனைக்கு இது எதுவும் ஒத்துவராமல் போகலாம். பூனைக்குப் பூனை மாறும். அதற்குக் கருத்தடை செய்து, அடையாளத்துக்கு ஒரு காது நுனியை மயக்கத்திலேயே வெட்டி, பிடித்த அதே சந்தில் விட்டு, தினமும் யார் சோறு வைப்பது என்று அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் பேசி வைத்துவிட்டு வாருங்கள்.