பழைய மோல்டனுக்கு ஹேண்டில்பாரும் சீட்டும்: என் அனுபவம்

1962ல வந்த அலெக்ஸ் மோல்டனோட சின்ன வீல் சைக்கிள், அதோட 60கள் மாடல் ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. முதல்ல ஃப்ளாட் பார் (நேரான ஹேண்டில்பார்) போட்டேன், அரை மணி நேரத்துல உள்ளங்கை ரெண்டும் மரத்துப்போச்சு. அப்புறம் பின்னால வளைஞ்சு வர்ற நார்த் ரோடு பார் மாத்தினதும் முதுகு நிமிர்ந்துச்சு, கை வலியே இல்ல, ஆனா ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற தண்டு) ரொம்ப இறக்கி வெச்சா வளைவுல திரும்பும்போது பார் முட்டியில இடிக்கும், கொஞ்சம் ஏத்தியே வைங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஸ்டெம்ல பார் மாட்டுற கிளாம்ப் அளவை அளந்துடுங்க, பழைய பிரிட்டிஷ் ஸ்டீல் ஸ்டெம் பலதுல 23.8 மிமீதான், இப்ப கிடைக்கிற 25.4 பார் உள்ள போகாது.

சீட்டுக்கு புரூக்ஸ் கம்பெனியோட பி17 மாடல் ட்ரை பண்ணேன், நல்ல லெதர், ஆனா அது முன்னால குனிஞ்சு ஓட்டறவங்களுக்கு. நிமிர்ந்து உக்காந்தா மொத்த வெயிட்டும் பின்னாலதான் இறங்கும், அதனால இன்னும் அகலமான, ஸ்பிரிங் வெச்ச பி67தான் எனக்கு செட் ஆச்சு. மோல்டன்லயே ரப்பர் சஸ்பென்ஷன் இருக்கே, ஸ்பிரிங் எதுக்குன்னு கேப்பீங்க, எனக்கு அந்த அகலம்தான் முக்கியம். பழைய நேர் சீட் பைப்பா இருந்தா பி66 பாருங்க, அதுலதான் சீட்டுக்கு அடியில டபுள் கம்பி, பழைய கிளாம்புக்கு ஏத்தது.

லெதர் பழக கொஞ்ச நாள் ஆகும், மழையில நனைய விடாதீங்க.