பல்லாரட்டில் வீடு தேடுகிறவர்களுக்கு: பாண்ட் (வாடகை டெபாசிட்) பணத்தைத் தனி ஆளின் கணக்கில் போடாதீர்கள்

491 விசாவில், அதாவது பெருநகரங்களுக்கு வெளியே ரீஜினல் பகுதியில் வசிக்க வேண்டிய விசாவில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு. மெல்பர்னில் குடியிருக்க முடியாது என்பதால் நம்மவர்கள் ஜீலாங், பெண்டிகோ, பல்லாரட் என்று போகிறோம். பல்லாரட்டில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களாகப் பார்த்து ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் 5,000 டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். கேஸ் நடப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் எப்படிச் செய்கிறார் என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். "தங்க வேட்டைக் காலத்து வீடு, சாவரின் ஹில்லுக்கு நடந்தே போகலாம், பின்னாடி காய்கறித் தோட்டம் போடலாம், வாரம் 400 டாலர்." சாவரின் ஹில் என்பது இங்கே தங்க வேட்டைக் காலத்தைக் காட்டும் திறந்தவெளி மியூசியம். போன் செய்தால் பேச்சு தேனாக ஒழுகும். "நம்ம ஆளுங்க வந்த இடத்துல கஷ்டப்படக் கூடாது தம்பி." புதிதாக வந்தவர்களுக்கு ரென்டல் ஹிஸ்டரி கிடையாது, ஏஜென்ட் ஆபீஸில் எத்தனை விண்ணப்பம் போட்டாலும் பதிலே வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாத பாண்ட், மேலே இரண்டு மாத வாடகை முன்பணம், ராத்திரிக்குள் அனுப்பு, இன்னொரு குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பார்.

விக்டோரியா சட்டப்படி, இந்த வாடகைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பாண்டும் கேட்கக் கூடாது, முன்பணமும் கேட்கக் கூடாது. வாங்கிய பாண்டை 10 வேலை நாளுக்குள் ஆர்டிபிஏ என்ற அரசு அமைப்பில் கட்டியாக வேண்டும். கட்டினால் குடியிருப்பவருக்கு அங்கிருந்து பாண்ட் எண்ணோடு ரசீது வரும். எங்களுக்கு வரவில்லை. கேட்டபோது, "சிஸ்டம் ஸ்லோ தம்பி."

வீடு கோல்டன் பாயின்ட் பகுதியில். 1851-ல் தங்கம் கிடைத்த பிறகு ஜனம் வந்து குவிந்த பழைய பேட்டை அது. சுரங்கக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு பவுண்டு கட்டி உரிமைச்சீட்டு வாங்கி, அரசு நிலத்தில் பலகை வீடு போட்டுக்கொண்டார்கள். அந்த மாதிரிச் சின்ன வீடுதான் இதுவும். முன்வராந்தா, தகரக் கூரை, வெளியே நின்று பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு அழகு. உள்ளே போனால் பலகை இடுக்கு வழியே காற்று விசிலடிக்கும். பல்லாரட் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஜூலையில் பகலிலேயே 10 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாடு. ஹாலில் இருந்த கேஸ் ஹீட்டர் பற்றவே இல்லை. கட்டிலுக்குப் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை.

"அண்ணா, ஹீட்டர் எரியலை."

"ஹெரிடேஜ் வீடு தம்பி. கை வைக்கணும்னா கவுன்சில் பர்மிஷன் வேணும்."

சுத்தப் பொய். ஹெரிடேஜ், அதாவது பாரம்பரியக் கட்டடக் கட்டுப்பாடு பெரும்பாலும் வீட்டின் வெளித்தோற்றத்துக்குத்தான். ஹீட்டரைப் பழுதுபார்க்க எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாடகை வீட்டின் ஹாலில் வேலை செய்கிற, நிலையாகப் பொருத்திய ஹீட்டர் இருந்தே ஆக வேண்டும் என்று 2021 மார்ச் முதல் விதியே இருக்கிறது. அவசரப் பழுதை வாடகைக்கு விட்டவர் உடனே பார்க்காவிட்டால், 2,500 டாலர் வரை நாமே செலவழித்துச் சரிசெய்துவிட்டு அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கலாம்.

அந்தத் தோட்டம் இன்னொரு கதை. வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் போட மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து, "இந்த மண்ணிலா சாப்பிடப் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். தங்கம் எடுக்கப் பாறையை இடித்து அரைத்த கழிவு மணலில் ஆர்செனிக் இருக்குமாம், பழைய சுரங்கப் பக்கத்து வீடுகளில் அந்த மணல் கிடப்பது சகஜமாம். பிறகு தேடிப் பார்த்தேன், அரசின் சுற்றுச்சூழல் துறையும் அதையேதான் எச்சரிக்கிறது. இந்த ஊர்களில் கீரை போடுகிறவர்கள் கடையில் மண் வாங்கி, தனிப்பெட்டியில் போடுங்கள். குழந்தைகள் வெறும் மண்ணில் விளையாடினால் கையைக் கழுவிவிடுங்கள்.

கடைசியில் குட்டு உடைந்தது இப்படி. குறிப்பிட்ட ஒரு நாளில் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறது, எல்லாரும் வெளியே போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் என் மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டார். கதவைத் தட்டியது பெயின்டர் இல்லை, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஏஜென்ட் ஆபீஸ் பெண். "நீங்கள் யார்?" என்று கேட்டிருக்கிறார். நம்ம அண்ணன் ஓனரே இல்லை. அவரும் வாடகைக்கு எடுத்தவர், ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமலே எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் கட்டுவதைவிட நாங்கள் கட்டியது அதிகம்.

தங்கம் தோண்டும் லைசென்ஸ் சீட்டு கையில் இல்லாதவரைப் போலீஸ் துரத்தித் துரத்திப் பிடித்ததில்தான் இந்த ஊரில் 1854-ல் சுரங்கக்காரர்களின் யுரேக்கா கலகம் மூண்டது. அதே ஊரில் ஒரு சீட்டும் கையில் இல்லாமல் என் மனைவி வாசலில் நின்றார். 491-இல் இருப்பவர்கள் ரீஜினல் பகுதியில் வசித்ததற்கு ஆதாரம் சேர்த்துவைக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ அவருடைய வாட்ஸ்அப் மெசேஜ்கள் மட்டும்.

இப்போது பல்லாரட்டிலேயே டெலகோம்ப் பகுதியில் ஒரு சாதாரணப் புது வீட்டில் இருக்கிறோம், ஹீட்டர் எரிகிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் மெசேஜ்களையும் வைத்து வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் விகாட் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறோம். மாநில நுகர்வோர் துறையான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவிலும் புகார் கொடுத்தாயிற்று. இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து போனால் கேஸுக்குப் பலம்.

போன வாரம் அதே படங்களைப் போட்டு, ஊரை மட்டும் பெண்டிகோ என்று மாற்றி, வேறு நம்பரிலிருந்து விளம்பரம் வந்திருக்கிறது. கணப்படுப்பைச் சுற்றிப் பச்சை ஓடு பதித்திருக்கும், வலது மூலை ஓடு உடைந்திருக்கும். அந்தப் படம் கண்ணில் பட்டால் பணம் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.